பிரித்து வைத்தவை பிழைத்தன

சென்னையிலிருந்து பழைய மாமல்லபுரம் சாலையில் சுமார் 40 கி.மீ. தெற்கே இருக்கிறது திருப்போரூர். கந்தசுவாமி கோயிலால் பெயர்பெற்ற ஊர். தொண்ணூறுகளின் நடுவிலிருந்து அதன் வடக்கு எல்லைவரை வேறோர் உலகம் வந்துவிட்டது. 1996-இல் பக்கத்துக் காலவாக்கத்தில் எஸ்.எஸ்.என். பொறியியல் கல்லூரி, 2000-இல் தரமணியில் டைடல் பூங்கா, பிறகு சிறுசேரியில் சிப்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்கா என்று அந்தச் சாலை நெடுக மென்பொருள் தொழில் பரவியது. அதே திருப்போரூரிலிருந்து கிழக்கே பக்கிங்காம் கால்வாயைத் தாண்டினால் கோவளம், நெம்மேலி, பட்டிபுலம் எனக் கடலோர ஊர்கள். மென்பொருள் எழுதுகிறவர்களும், ஒரே ஒரு கைபேசியை வைத்துக்கொண்டு இரண்டு மூன்று பிள்ளைகளைப் படிக்கவைக்கும் குடும்பங்களும் சில கிலோமீட்டர் இடைவெளியில் வாழும் வட்டாரம் இது. குரல் சேர்த்த ஸ்லைடுகளை வீடியோவாக மாற்றும் தொழிலின் வரலாற்றைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது. ஏனென்றால் அந்த வரலாற்றில் எந்த மென்பொருள் நிலைத்தது, எது அழிந்தது என்பதைத் தீர்மானித்தவர்கள் அதைச் செய்தவர்கள் இல்லை. பாடத்தைக் கடைசியில் திறந்து பார்த்தவர்கள்தான். இன்னொன்றையும் அந்த வரலாறு காட்டுகிறது: படத்தையும் குரலையும் தனித்தனியாகப் பத்திரப்படுத்தியவர்களின் பாடங்கள் பிழைத்தன, இரண்டையும் ஒன்றாக உருக்கி ஊற்றிவிட்டு மூலத்தை எறிந்தவர்களின் பாடங்கள் பெரும்பாலும் மடிந்தன.

கணினிக்கு முன்பே இந்தக் கலை இருந்தது. விளக்கொளியில் கண்ணாடிச் சட்டங்களைத் திரையில் காட்டி, பக்கத்தில் நின்று ஒருவர் விளக்கம் சொல்லும் காட்சிகள் சென்னை மாகாணத்தில் சுகாதாரப் பிரசாரத்துக்கும் மதப் பிரசாரத்துக்கும் பயன்பட்டன. பிறகு 35 மி.மீ. ஸ்லைடு புரொஜெக்டர் வந்தது. கேசட்டில் பதிந்த குரலில் ஒரு ‘பீப்’ ஒலி கேட்டதும் அடுத்த ஸ்லைடைத் தள்ளுவார்கள். அங்கே படம் ஒரு பெட்டியில், குரல் இன்னொரு பெட்டியில். தமிழில் பதிந்த கேசட்டை எடுத்துவிட்டுத் தெலுங்குக் கேசட்டைப் போட்டால் அதே படங்கள் தெலுங்கு பேசும். கோடாக் நிறுவனம் ஸ்லைடு புரொஜெக்டர் உற்பத்தியை 2004-இல் நிறுத்தியபோது ஒரு கருவியோடு சேர்ந்து அந்த வசதியும் மறைந்தது. 1987-இல் மேக்கின்டாஷ் கணினிக்காக வெளிவந்து, அதே ஆண்டில் மைக்ரோசாஃப்ட்டின் கைக்கு மாறிய பவர்பாயிண்ட்தான் பிறகு எல்லாரிடமும் போய்ச் சேர்ந்தது. ஸ்லைடுக்கு ஸ்லைடு குரலைப் பதியும் வசதியும் அதில் பிற்பாடு வந்தது. ஆனால் அந்தக் கோப்பு பெரும்பாலும் பவர்பாயிண்ட் உள்ள கணினியில்தான் பேசும். பழைய பதிப்புகளில், வெளியிலிருந்து சேர்த்த பெரிய ஒலிக் கோப்புகள் ஸ்லைடுக் கோப்புக்குள்ளே உட்காராமல் வெளியே ஒரு முகவரியாக மட்டும் தொங்கிக்கொண்டிருந்தன. பென் டிரைவில் ஸ்லைடு மட்டும் ஊர் போய்ச் சேரும். குரல் பழைய கணினியிலேயே தங்கிவிடும்.

தமிழ் ஆசிரியருக்கு இதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று இருந்தது. அது எழுத்துரு. தொண்ணூறுகளிலும் இரண்டாயிரத்தின் முதற்பத்தாண்டிலும் பாமினி, வானவில் என ஒவ்வொருவரும் ஒவ்வொரு ஃபான்ட்டில் தட்டச்சு செய்தார்கள். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்இணைய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு டாம், டாப் என்ற குறியாக்கங்களைத் தரமாக அறிவித்தது. யூனிகோடு தரமாக அறிவிக்கப்பட 2010-இல் கோவைச் செம்மொழி மாநாடு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடைப்பட்ட காலத்தில் ஒரு கணினியில் அழகாகத் தெரிந்த தமிழ் ஸ்லைடு, அடுத்த கணினியில் ரோமன் எழுத்துகளும் குறியீடுகளும் கலந்த குப்பையாகத் திறக்கும். ஆங்கிலத்தில் பாடம் எடுத்தவர்கள் ஸ்லைடை அப்படியே அனுப்பினார்கள். தமிழில் எடுத்தவர்கள் வீடியோவாக மாற்றியே ஆகவேண்டியிருந்தது. வீடியோவில் எழுத்து படமாக உறைந்துவிடுவதால், பெறுபவரிடம் அந்த ஃபான்ட் இருக்கிறதா என்ற கேள்வியே எழாது. இந்தத் தேவையை எந்த மென்பொருள் நிறுவனமும் தன் விளம்பரத்தில் குறிப்பிட்டதில்லை. ஆனால் தமிழில் வீடியோ மாற்றி மென்பொருள்களுக்கு இருந்த கிராக்கிக்கு இது ஒரு பெருங்காரணம் என்று உறுதியாகச் சொல்வேன். அதற்குக் கொடுத்த விலையும் பெரிது. உறைந்த எழுத்தைத் தேட முடியாது, திருத்த முடியாது, யூனிகோடுக்கு மாற்றவும் முடியாது. ஒரே ஓர் எழுத்துப்பிழை இருந்தாலும் அந்தப் பாடம் உள்ளவரை அதுவும் இருக்கும்.

அந்தக் காலத்தில் மாற்றுவதற்கு இரண்டு பெரிய வழிகள் இருந்தன. ஒன்று ஃபிளாஷ். ஸ்லைடையும் குரலையும் சேர்த்து எடை குறைந்த ஃபிளாஷ் கோப்பாக்கித் தரும் மென்பொருள்கள் கல்லூரிகளிலும் நிறுவனப் பயிற்சிப் பிரிவுகளிலும் பெரும் செல்வாக்குப் பெற்றிருந்தன. தரத்தை வைத்துப் பார்த்தால் அன்றைய வழிகளில் அதுவே மேலானது: எழுத்து கூர்மையாக இருக்கும், அளவு சிறிது, மாணவர் விரும்பிய ஸ்லைடுக்குத் தாவலாம், நடுவில் கேள்வி பதில்கூட வைக்கலாம். இன்னொன்று டிவிடி. 2006 முதல் தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சிகளைக் கொடுக்கத் தொடங்கியது. கணினி இல்லாத வீட்டிலும் தொலைக்காட்சியும் பக்கத்தில் ஒரு மலிவான டிவிடி பிளேயரும் இருந்தன. பவர்பாயிண்ட்டை டிவிடியாக்கும் சிறு மென்பொருள்கள் பல அப்போது விற்பனைக்கு வந்தன. காசு கொடுக்காமல் பயன்படுத்தினால் படத்தின் குறுக்கே நிறுவனத்தின் பெயரை அச்சடித்துவிடும். நடுவே விண்டோஸ் மூவி மேக்கர் இருந்தது. ஸ்லைடுகளைப் படங்களாகச் சேமித்து, அதில் வரிசையாக அடுக்கி, கீழே குரலை வைத்து வீடியோவாக்குவார்கள். நுட்பமான கருவி என்று யாரும் அதைச் சொன்னதில்லை. ஆனாலும் படமும் குரலும் தனித்தனிக் கோப்புகளாகக் கையில் மிஞ்சியது அந்த வழியில்தான்.

மூன்றில் எது தேறியது? ஆண்ட்ராய்டு போன்களுக்கான ஃபிளாஷ் 2012-இல் நிறுத்தப்பட்டது. ஐபோன் அதைத் தொடக்கத்திலிருந்தே ஏற்கவில்லை. 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு அடோபி ஃபிளாஷை அடியோடு கைவிட்டது. 2021 ஜனவரி 12 முதல் பழைய கோப்புகள் ஓடாதபடி தடுக்கவும் செய்தது. நாள்களைக் கவனியுங்கள். பள்ளிகள் மூடிக்கிடந்து, பதிவுசெய்த பாடத்துக்கு முன்னெப்போதும் இல்லாத தேவை எழுந்த அதே நேரத்தில், பதினைந்து ஆண்டுகளாகச் சேர்ந்த ஃபிளாஷ் பாடங்கள் திறக்க முடியாத கோப்புகளாக மாறின. டிவிடி கீறலாலும் பூஞ்சையாலும், பிளேயர்கள் வழக்கொழிந்ததாலும் போனது. மூவி மேக்கரையும் மைக்ரோசாஃப்ட் 2017 ஜனவரியில் நிறுத்திவிட்டது. ஆனால் அதில் வேலை செய்தவரிடம் ஜேபெக் படங்களும் ஒலிக் கோப்பும் இருந்தால், இன்று எந்த மென்பொருளைக் கொண்டும் அதே பாடத்தை மறுபடி கட்டிவிடலாம். மூன்று வழிகளுக்குமே ஆயுள் முடிந்தது. ஒன்றில் மட்டும் சரக்கு பிழைத்தது.

இந்தப் பாடத்தைத் தற்செயலாகக் கற்காமல் திட்டமிட்டே செய்தவர்கள் உண்டு. ஐ.ஐ.டி. பம்பாயில் பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யா தொடங்கிய ‘ஸ்போக்கன் டுடோரியல்’ திட்டம் மத்திய அரசின் தேசியக் கல்வி இயக்க நிதியில் நடந்தது. லிப்ரே ஆபிஸ், ஜிம்ப், சைலேப் போன்ற கட்டற்ற மென்பொருள்களைக் கற்பிக்கும் சுமார் பத்து நிமிடப் பாடங்கள் அவை. அதன் நடைமுறை எளிமையானது. ஒவ்வொரு பாடத்துக்கும் முதலில் இரண்டு பத்திகள் கொண்ட எழுத்துப்படி தயாராகும்: ஒரு பத்தியில் திரையில் என்ன தெரிய வேண்டும், மறு பத்தியில் அந்த நேரத்தில் என்ன பேச வேண்டும். பிறகு திரைப்பதிவு, குரல்பதிவு, கடைசியில் இணைப்பு. மொழிமாற்றத்தின்போது படத்தைத் தொடுவதில்லை. எழுத்துப்படியின் குரல் பத்தியை மட்டும் மொழிபெயர்த்து, ஆடாசிட்டி போன்ற இலவசக் கருவியில் புதிதாகப் பேசிப் பதிந்து, பழைய ஒலியின் இடத்தில் வைத்துவிடுவார்கள். ஒரே படம் தமிழ் உட்பட இந்திய மொழிகள் பலவற்றைப் பேசியது இப்படித்தான். ஆங்கிலம் தடுமாறும் பொறியியல் மாணவர்கள் தமிழ்க் குரலைக் கேட்டு லினக்ஸ் கற்க முடிந்ததற்குக் காரணம் விலையுயர்ந்த மென்பொருள் இல்லை, குரலைப் படத்தோடு ஒட்டிவிடக் கூடாது என்ற ஒரு முடிவுதான்.

விளக்கத்தைப் படத்தோடு ஒட்டிவிடக் கூடாது என்பதற்கு மாமல்லபுரமே சாட்சி சொல்லும். அங்குள்ள பெரும் பாறைச் சிற்பத்தை அருச்சுனன் தபசு என்று சிலரும், பகீரதன் கங்கையைக் கொண்டுவந்த கதை என்று சிலரும் விளக்குகிறார்கள். கதை இன்னதென்று சொல்லும் கல்வெட்டு எதுவும் அந்தப் பாறையில் இல்லை. அதனால்தான் பல நூற்றாண்டுகள் கழித்தும் ஒவ்வொரு தலைமுறையும் அதன் முன் நின்று புதிதாக விளக்கம் சொல்ல முடிகிறது; அறிஞர்கள் ஒரு விளக்கத்தை மறுத்து இன்னொன்றை முன்வைக்கவும் முடிகிறது.

தமிழகத்தில் ஸ்லைடை வீடியோவாக்கும் கதைக்கு இன்னொரு பின்னணியும் உண்டு. 2000-களின் நடுவில் சி. உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்தபோது தமிழக அரசின் எல்காட் நிறுவனம் சூசே லினக்ஸுக்கும் ஓப்பன் ஆபிஸுக்கும் மாறியது. 2011 செப்டம்பரில் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்த்துக் கொடுக்கப்பட்டது. அதாவது லட்சக்கணக்கான மாணவர்களின் கையில் கட்டற்ற மென்பொருள் இருந்தது. ஆனால் ஓப்பன் ஆபிஸின் ஸ்லைடு மென்பொருளான இம்ப்ரெஸ்ஸில் பேசும் ஸ்லைடை நேராக வீடியோவாக்கும் பொத்தான் இல்லை. அந்தப் பக்கம் பவர்பாயிண்ட் 2010-இல் ‘வீடியோ உருவாக்கு’ என்ற வசதி வந்துவிட்டது. ஆசிரியர்கள் எந்தப் பக்கம் சாய்வார்கள் என்பதில் வியப்பில்லை. இருந்தும் 2010 பதிப்பு டபிள்யூ.எம்.வி. கோப்பை மட்டுமே தந்தது. பெரும்பாலான போன்கள் அதைத் திறக்கவில்லை. அதை எம்பி4 ஆக மாற்ற ஃபார்மட் ஃபேக்டரி போன்ற இன்னொரு மென்பொருள் தேவைப்பட்டது. இருமுறை சுருக்கியதில் எழுத்தின் ஓரங்கள் மங்கின; தமிழில் ஒற்றின் புள்ளி மறைந்தால் சொல்லே மாறிவிடும். 2013 பதிப்பு எம்பி4-ஐ நேரடியாகக் கொடுத்த பிறகே இந்தத் தொல்லை ஓய்ந்தது.

2018-இல் வந்த தமிழகத்தின் புதிய பாடநூல்களில் கியூ.ஆர். குறியீடுகள் அச்சிடப்பட்டன, கைபேசியை நீட்டினால் வீடியோ வரும். 2019 ஆகஸ்ட் 26-இல் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடியபின், ஜூலை 14 அன்று அதன் வழியாகப் பாடங்களை ஒளிபரப்பும் ஏற்பாட்டோடு, பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களின் மடிக்கணினிகளில் பள்ளியின் உயர்தொழில்நுட்ப ஆய்வகம் வழியாகப் பாட வீடியோக்களை ஏற்றிக் கொடுக்கும் திட்டமும் தொடங்கியது. இணையத்தை நம்பாமல் கோப்பைக் கையில் கொடுத்தது மிகச் சரியான முடிவு. மற்ற வகுப்புகளுக்கு வாட்ஸ்ஆப் குழுதான் வகுப்பறை. அங்கே ஒரு வீடியோவுக்கு அன்று 16 எம்.பி. எல்லை இருந்தது. மென்பொருள் தேர்வின் முழு இலக்கணமும் அந்த ஓர் எண்ணுக்குள் அடங்கியிருந்தது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பத்து நிமிடம் என்றால் 600 விநாடி. 16 எம்.பி.யை அதற்குப் பகிர்ந்தால் விநாடிக்குச் சுமார் 213 கிலோபிட். ஒற்றைத் தடக் குரலுக்கு 64 கிலோபிட் ஒதுக்கினால் அதற்கே 4.8 எம்.பி. போய்விடும், படத்துக்கு மிஞ்சுவது 11 எம்.பி. சொச்சம். கரும்பலகை முன் நிற்கும் ஆசிரியரை கேமராவில் எடுத்து இந்த அளவுக்குள் சுருக்கினால் பலகையின் எழுத்து கட்டங்கட்டமாகச் சிதறும். ஆசிரியர் அசையும் ஒவ்வொரு முறையும் படம் முழுவதும் மாறுகிறது. ஸ்லைடு அப்படியில்லை. 2003-இல் தரமாக்கப்பட்ட எச்.264 சுருக்க முறை, முந்தைய சட்டத்திலிருந்து மாறியதை மட்டுமே பெரும்பாலும் பதிகிறது. ஒரு ஸ்லைடு நாற்பது விநாடி அசையாமல் நின்றால் அந்த நாற்பது விநாடிக்கும் ஏறக்குறைய ஒரே ஒரு படத்தின் எடைதான். கூர்மையான 720 வரிப் படம் அந்த 11 எம்.பி.க்குள் தாராளமாக அடங்கும். ஆனால் பறந்து வரும் எழுத்துகள், சுழலும் மாற்றங்கள், பின்னால் ஓடும் மேகங்கள் என அலங்காரம் சேர்த்தால் இந்தச் சலுகை அத்தனையும் போய்விடும். அந்நாளில் பலரும் வாங்கத் துடித்த மென்பொருள்களின் விலையில் பெரும்பங்கு அந்த அலங்காரங்களுக்கானது. நெம்மேலியில் ஒரு பிள்ளையின் கையிலிருந்த சிறிய திரைக்கு அவை பாரம்.

இதற்கு எதிர்வாதங்கள் உண்டு. அவற்றில் நியாயமும் உண்டு. ஆசிரியருக்கு நேரம் எங்கே இருக்கிறது, எழுத்துப்படி எழுதி, குரலைத் தனியே பதிந்து, இணைத்துக்கொண்டிருக்க அவர் என்ன படப்பிடிப்புக் கூடமா நடத்துகிறார் என்பது முதல் கேள்வி. அந்தக் கேள்வியை முழுமையாக மதிக்கிறேன். நான் சொல்லும் ஒழுங்குக்கு எஃப்எஃப்எம்பெக் என்னும் வீடியோக் கருவியின் கட்டளைகளைக் கற்கத் தேவையில்லை. 2007-க்குப் பிந்தைய பவர்பாயிண்ட் கோப்பு உண்மையில் ஒரு ஜிப் (zip) பெட்டி. பெயரின் வாலை மாற்றித் திறந்தால் ‘மீடியா’ என்ற அறைக்குள் ஒவ்வொரு ஸ்லைடின் குரலும் தனிக் கோப்பாக இருக்கும். நாலாம் ஸ்லைடில் தவறாகப் பேசிவிட்டால் அதை மட்டும் மறுபடி பதிந்தால் போதும். ஆகவே பவர்பாயிண்ட்டிலேயே பேசி, அதிலேயே எம்பி4 எடுப்பவர் தவறான வழியில் போகவில்லை. கவனிக்க வேண்டியது ஒன்றே: ஸ்லைடு மாறும் கணத்தில் பேசக் கூடாது; அந்த நொடியின் குரல் பதிவாகாது. திரையைப் பதியும் மென்பொருள்களுக்குத்தான் என் தயக்கம். ஓ.பி.எஸ். போன்றவை இலவசம், வலிமையானவை, கணினியில் செய்து காட்டும் பாடங்களுக்கு இன்றியமையாதவை. ஆனால் வெறும் ஸ்லைடு பாடத்துக்கு அவற்றைப் பயன்படுத்தினால் முழுப் பாடமும் ஒரே துண்டாகிவிடுகிறது. ஒரு பிழைக்காக முப்பது நிமிடத்தையும் திரும்பப் பேச வேண்டும்.

ஆசிரியரின் முகம் தெரியாத பாடம் உயிரற்றது என்பது இரண்டாவது வாதம். சிறு குழந்தைகளுக்கு இது பெரிதும் உண்மை. பாட வீடியோ பள்ளிக்கு ஈடாகாது என்பதைத் தமிழகமே ஒப்புக்கொண்டது. இந்தக் கடற்கரையிலேயே சற்றுத் தெற்கில், மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் 2021 அக்டோபர் 27-இல் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கப்பட்டது அதனால்தான். ஆனால் முகம் இல்லாத பாடத்திலும் ஆசிரியர் இருக்கிறார். அவருடைய குரலில் இருக்கிறார். படம் மங்கினாலும் குரல் தெளிவாக இருந்தால் பாடம் நடக்கும்; குரல் இரைந்தால் எவ்வளவு தெளிவான படத்தாலும் பாடம் நடக்காது. கேமராவுக்கும் அலங்கார மென்பொருளுக்கும் போன பணம் ஒரு நல்ல மைக்குக்குப் போயிருக்க வேண்டும்.

மூன்றாவது வாதம் இன்றையது. யூடியூப் எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளும். குரலை இனி இயந்திரமே கொடுத்துவிடும். மூலக் கோப்பு எதற்கு என்கிறார்கள். யூடியூப் வைத்திருப்பது சுருக்கி முடித்த பண்டத்தை. அதில் ஒரு ஸ்லைடை மாற்றி வைக்க வழியில்லை. 2018, 2019 ஆண்டுகளில் பாடநூல்கள் மாறியபோது அதற்கு முந்தைய வீடியோக்கள் ஒரே வீச்சில் பழசாகின. மூலம் கையிலிருந்தவர் மாறிய பகுதிகளை மட்டும் திருத்தி வெளியிட்டிருக்கலாம்; இல்லாதவர் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இயந்திரக் குரலைப் பொறுத்தவரை, ஐ.ஐ.டி. மெட்ராஸ் முன்னின்று நடத்திய இந்திய மொழிகளுக்கான பேச்சுருவாக்கத் திட்டத்தில் தமிழுக்கான பணியைச் செய்தவர்களில் திருப்போரூருக்குப் பக்கத்து எஸ்.எஸ்.என். கல்லூரியின் ஆய்வாளர்களும் உண்டு. எழுத்துப்படியைக் கொடுத்தால் தமிழில் பேசும் கணினி, பார்வையற்ற மாணவர்களுக்குப் பெரும் துணை. அந்த நுட்பம் வளர வளர மூலத்தின் மதிப்பு கூடுகிறதே தவிரக் குறையவில்லை. இயந்திரம் வேறு மொழியில் பேச வேண்டுமானால் அதற்கு எழுத்துப்படி வேண்டும். எந்த ஸ்லைடுக்கு எந்தப் பேச்சு என்று தெரிய வேண்டும். எல்லாம் உருகி ஒன்றான வீடியோவிலிருந்து அவற்றைத் தோண்டி எடுப்பது கடினம், பிழைகளும் புகும். பிரித்து வைத்தவருக்கு அது அரைநாள் வேலை.

ஆகவே எந்த மென்பொருள் என்று கேட்பவருக்கு என் பதில் இது: ஸ்லைடுக்கு ஸ்லைடு குரலைத் தனியே வைத்திருக்கும் எதுவும் சரி, எம்பி4 தராத எதுவும் சரியில்லை, சொந்த வகைக் கோப்பில் பூட்டிக்கொண்டு மூலத்தைத் திருப்பித் தராத மென்பொருள் இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம். தமிழை யூனிகோடில் மட்டும் தட்டச்சு செய்யுங்கள். 2020-லும் 2021-லும் திருப்போரூர் வட்டத்துப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் ஆசிரியர்கள் பேசிப் பதிந்த ஸ்லைடுக் கோப்புகளில் பல இன்னும் ஏதோ ஒரு மடிக்கணினியிலோ பென் டிரைவிலோ கிடக்கின்றன. அந்தக் கருவிகள் பழுதாகும் வயதை எட்டிவிட்டன. ஒவ்வொரு பள்ளியும் ஒரு வன்தட்டு வாங்கி, வகுப்பு, பாடம், ஆசிரியர் பெயர், ஆண்டு எழுதி, அந்த மூலக் கோப்புகளை இந்தக் கல்வியாண்டு முடிவதற்குள் படியெடுத்து வைக்க வேண்டும். வீடியோவை எப்போது வேண்டுமானாலும் மறுபடி எடுத்துக்கொள்ளலாம்.